தோள்வலி உள்ளவர்களுக்குத் துப்பாக்கியின் உதையைக் குறைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் கரும்பு வெட்டும் குளிர்மாதங்களே வேட்டைக்கும் உரிய மாதங்கள். டர்பன், சாட்ஸ்வர்த், டொங்காட் பகுதிகளிலிருந்து பக்கி எனப்படும் திறந்த பின்புறமுள்ள சிறு வண்டியில் ஏறி, வடக்கே பொங்கோலா, ம்குசே பக்கத்து வேட்டைப் பண்ணைகளுக்குச் சென்று இம்பாலா, நியாலா போன்ற மான்களைச் சுட்டுவந்து பில்டோங் எனப்படும் உப்புக்கண்டம் போடும் தமிழ்க் குடும்பத்தார் சிலர் நம்மிடையே உண்டு. அவர்களில் பலர் ஐம்பதைக் கடந்தவர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போகும் நோய் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது என்பது மருத்துவம் நன்கு அறிந்த செய்தி. நீரிழிவு நம் வீடுகளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, துப்பாக்கியைத் தோளில் வைத்தாலே வலிக்கிறது, இனி ரைஃபிளை விட்டுவிட வேண்டியதுதானா என்ற கேள்வி பலருக்கு எழுகிறது. பெரும்பாலும் விட வேண்டியதில்லை. ஆனால் எந்த மாற்றத்தை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்பதில் பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். கடைக்குப் போய்த் தடித்த ரப்பர் பட்டை ஒன்றை வாங்கி, தோளில் படும் அடிக்கட்டையின் முனையில் மாட்டுவதே அவர்களுடைய முதல் வேலையாக இருக்கிறது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலைகளுள் ஒன்று.

பின்னுதைப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதிதான் இது. குண்டும் வெடிமருந்து எரிந்து உண்டான வாயுவும் முன்னோக்கி எவ்வளவு உந்தத்தோடு போகின்றனவோ, அதே அளவு உந்தத்தோடு துப்பாக்கி பின்னோக்கி வரும். இதில் பலர் மறந்துவிடுவது வாயுவின் பங்கை. .308 வின்செஸ்டர் என்ற வகைத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 9.7 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் போகிறது. அதைத் தள்ளிய 2.9 கிராம் மருந்து வாயுவாக மாறி, நொடிக்கு 1,400 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பின்னாலேயே பீறிட்டு வெளியேறுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்த உந்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு குண்டுக்கு உரியது, மூன்றில் ஒரு பங்கு வாயுவுக்கு உரியது. இந்த மூன்றில் ஒரு பங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சரைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

இந்த உந்தத்தை 3.5 கிலோ எடையுள்ள ரைஃபிள் தாங்கினால், அது நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 22 ஜூல். இதே எடையுள்ள ரைஃபிளில் தோட்டாவை மட்டும் மாற்றிப் பார்த்தால் வேறுபாடு வியப்பளிக்கும். .223 ரெமிங்டனுக்கு 5 ஜூல், .243 வின்செஸ்டருக்கு 13 அல்லது 14, 6.5 கிரீட்மோருக்கும் பழைய 7×57 மவுசருக்கும் 18, .30-06க்கு 29, .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 40க்கும் மேல் என்று அது ஏறிக்கொண்டே போகிறது. எருமை சுடுவதற்குப் பயன்படும் .375 எச் அண்ட் எச் தோட்டா, 4.2 கிலோ எடையுள்ள கனமான துப்பாக்கியிலும் 55 ஜூலைத் தோளில் இறக்கும். குண்டின் எடையும் மருந்தின் அளவும் மாறினால் இந்த எண்களும் சற்று மாறும் என்றாலும், வரிசை மாறாது. சுமார் 20 ஜூலைத் தாண்டும்போது நலமான தோள் உள்ளவர்களிலேயே பலர் அசௌகரியத்தை உணரத் தொடங்குகிறார்கள் என்பது துப்பாக்கி வட்டாரங்களில் நெடுநாளாகப் பேசப்படும் பொது அளவு. தோளில் குறையுள்ளவர் தம் எல்லையை அதற்கும் கணிசமாகக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து முதல் மாற்றம் தானாகவே தெரியும்: தோட்டாவைச் சிறியதாக்குவது. இம்பாலா, நியாலா, புதர்மான், காட்டுப்பன்றி ஆகியவற்றுக்கு .300 மேக்னம் எந்த வகையிலும் தேவையில்லை. பெரிய தோட்டாவை வைத்திருப்பது ஒரு மதிப்பு என்ற எண்ணம் நம் வேட்டைக் குழுக்களில் இருக்கிறது; அந்த மதிப்புக்காகத் தோள் கொடுக்கும் விலை அதிகம் என்பது என் கருத்து. 1899 முதல் 1902 வரை நடந்த ஆங்கிலோ-போயர் போரில் போயர்கள் தூக்கிச் சுட்டது 7×57 மவுசர்தான். அந்தத் தோட்டா இன்றும் இந்நாட்டில் மான்வேட்டைக்குப் பயன்படுகிறது, அதன் உதை 18 ஜூல் அளவில் அடங்கிவிடுகிறது. 6.5 கிரீட்மோரும் அப்படியே. குடு போன்ற பெரிய மானுக்கும் நல்ல கட்டமைப்புள்ள குண்டைத் தேர்ந்து, அளவான தூரத்தில், சரியான இடத்தில் சுட்டால் இவை போதும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு பெரிய தோட்டாவைச் சுட்டு விலங்கைக் காயப்படுத்துவதைவிட, சிறிய தோட்டாவை நிதானமாகச் சுட்டு ஒரே குண்டில் விழவைப்பது விலங்குக்கும் நல்லது. சிலர் உள்ள தோட்டாவிலேயே மருந்தைக் குறைத்துத் தாமே நிரப்பிக்கொள்கிறார்கள். அது முறையான வழிதான். ஆனால் மருந்து தயாரிப்பாளரின் கையேட்டில் அச்சாகியுள்ள குறைந்த அளவுக்குக் கீழே சொந்தக் கணக்கில் இறங்கவே கூடாது. மெதுவாக எரியும் சில மருந்துகளை மிகக் குறைத்துப் போட்டால், உதை குறைவதற்கு மாறாகக் குழலுக்குள் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறக்கூடும்.

இங்கே சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். குழலும் முதன்மைப் பாகமாகவே கருதப்படுகிறது. எனவே குழலை மட்டும் மாற்றிச் சிறிய தோட்டாவுக்கு வந்துவிடலாம் என்று நினைப்பவர், அதற்கும் அனுமதி தேவை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அதேபோல, உதையை நீண்ட நேரத்துக்குப் பரப்பும் அரைத்தானியங்கி ரைஃபிள் மென்மையாக இருக்கும் என்று கேள்விப்பட்டவர்கள், அவ்வப்போது வேட்டையாடுவோருக்குத் தரப்படும் 15ஆம் பிரிவு உரிமத்தில் அது அடங்காது என்பதையும் கவனிக்க வேண்டும். புது உரிமத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாதங்களில் கையில் உள்ள துப்பாக்கியை என்ன செய்வது என்பதே பலருக்கு உண்மையான கேள்வி.

அதற்கு முதல் பதில் எடை. உந்தம் மாறாமல் துப்பாக்கியின் எடை கூடினால், அது பின்னால் வரும் வேகம் குறைகிறது. ஆற்றலும் அதே விகிதத்தில் குறைகிறது. முன்பு சொன்ன .308 ரைஃபிளை 4.5 கிலோவாக்கினால் 22 ஜூல் 17 ஜூலாக இறங்கும். அடிக்கட்டைக்குள் துளையிட்டு ஈயத்தையோ, அதற்கென்றே விற்கும் பாதரசக் குழாயையோ வைத்துவிடலாம். ஆனால் தோள் நோயாளிக்கு இது இருபுறமும் கூரான கத்தி. வலக்கையால் சுடுபவருக்கு அடிக்கட்டையைத் தாங்குவது வலத்தோள். குழலைத் தூக்கிப் பிடிப்பது இடக்கை. ரொட்டேட்டர் கஃப் எனப்படும் தோள் தசைநார்களில் கிழிசல் இருப்பது இடப்பக்கமாக இருந்தால், அவருக்கு உதை ஒரு பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம். கையை உயர்த்தித் துப்பாக்கியைச் சுமப்பதுதான் பிரச்சினை. அவருக்குக் கூடுதல் எடை கேடு. ஆகவே எந்தத் தோள், எந்த அசைவில் வலிக்கிறது என்பதை முதலில் தெளிவாகக் கண்டுகொள்ளாமல் துப்பாக்கியில் கைவைக்கக் கூடாது. வண்டியிலிருந்து இறங்கிச் சிறிது தூரமே நடந்து சுடுபவர் எடையைக் கூட்டலாம். நாள் முழுதும் புதரில் நடப்பவர், தோள்வார் எந்தத் தோளில் தொங்கப்போகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அடுத்தது சைலன்சர். தென்னாப்பிரிக்காவில் இதற்குத் தனி உரிமம் தேவையில்லை. வேட்டைப் பண்ணைகளில் இது வெகு சாதாரணமாகப் பார்க்கக் கிடைக்கும் பொருள். பலர் இதை ஓசையைக் குறைக்கும் கருவியாக மட்டுமே நினைக்கிறார்கள். உண்மையில், உந்தத்தில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் அந்த வாயுவைப் பிடித்து, அடக்கி, வேகம் குறைத்து வெளியே விடுவதால் உதையையும் இது கணிசமாகக் குறைக்கிறது. 20 முதல் 30 விழுக்காடு வரை குறைவதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. குழல்முனையில் கூடும் சில நூறு கிராம் எடை, சுட்டவுடன் குழல் மேலே துள்ளுவதையும் தடுக்கிறது. ஓசை குறைவதும் தோளுக்கு உதவும். நாம் உதை என்று உணர்வதில் ஒரு பகுதி காதில் விழும் அதிர்ச்சிதான்; காதுக்கு இதமாக இருக்கும் துப்பாக்கி தோளுக்கும் இதமாகவே தோன்றும். ஆனாலும் காதுக்கவசத்தைக் கழற்றிவிடக் கூடாது, ஏனெனில் சைலன்சர் மாட்டிய ரைஃபிளும் காதைக் கெடுக்கும் அளவுக்கு ஓசை எழுப்பும். குழல்முனையில் மரை வெட்டுவதைத் தகுதியுள்ள துப்பாக்கிப் பணியாளரிடமே கொடுக்க வேண்டும். மரை சற்றே கோணினாலும் குண்டு சைலன்சரின் உள்ளே உரசும்.

குழல்முனையில் மாட்டும் துளையுள்ள கருவியான மசில் பிரேக் இதே வாயுவைப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திருப்பிவிடுகிறது. கொள்கையளவில், வாயுவின் பங்கு முழுவதையும் நீக்கிவிட்டால் உந்தம் மூன்றில் இரண்டாகக் குறையும். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது பாதிக்கும் கீழே போய்விடும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காவிட்டாலும், உதையை மட்டும் பார்த்தால் சைலன்சரைவிட இது வலியது. ஆனால் ஓசையைத் தாங்க முடியாத அளவுக்குக் கூட்டி, அதைச் சுடுபவர் காதிலும் பக்கத்தில் நிற்கும் வழிகாட்டியின் காதிலும் வீசுகிறது. வழிகாட்டிகள் பலர் இதை வெறுப்பதற்கு நியாயம் இருக்கிறது. சைலன்சருக்குச் சட்டம் இடம்கொடுக்கும் நாட்டில் இருந்துகொண்டு, மான்வேட்டைக்கு மசில் பிரேக் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போதுதான் ரப்பர் பட்டைக்கு வருகிறோம். பட்டை உந்தத்தைக் குறைப்பதில்லை. துப்பாக்கியின் எடையையும் மாற்றுவதில்லை. வந்துசேர்ந்துவிட்ட ஆற்றலைத் தோள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பரப்பில் வாங்கிக்கொள்கிறது என்பதை மட்டுமே அது மாற்றுகிறது. 22 ஜூலை 2 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்தினால் சராசரி விசை 1,100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 110 கிலோ எடை அழுத்துவது போல; அதையே 4 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் விசை சரிபாதி. பட்டை அமுங்கும் சில மில்லிமீட்டர்களுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். பழைய துப்பாக்கிகளில் இருக்கும் இரும்புத் தகடோ, காய்ந்து கல்லாகிப்போன ரப்பரோ இருந்தால் அதை மாற்றுவது பெரும் நிம்மதி தரும். லிம்ப்சேவர், பேக்மேயர் போன்ற பெயர்களில் நல்ல பட்டைகள் கிடைக்கின்றன. அகலமான அடிக்கட்டை விசையைப் பரப்பிக் கொடுக்கும். குறுகிய அடிக்கட்டை ஒரே இடத்தில் குத்தும். சட்டைக்குள் அணியும் தோள்மெத்தையும் உதவும். ஆனால் பட்டையும் மெத்தையும் சேர்ந்தால் துப்பாக்கியின் நீளம் கூடிவிடும். அப்போது அடிக்கட்டை தோளின் குழியில் உட்காராமல் புயத்துக்கு நழுவும், குளிருக்குக் கனமான மேலாடை அணிந்த காலையில் இன்னும் மோசமாகும். ஆகவே தடித்த பட்டை மாட்டினால் அந்த அளவுக்குக் கட்டையை வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்.

கட்டையின் வடிவத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் ஒன்று தடவுவது போலவும் மற்றொன்று அடிப்பது போலவும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. குழலின் நேர்கோட்டுக்கு மிகக் கீழே அடிக்கட்டை இறங்கியிருந்தால், உதை நேராகப் பின்னால் வராமல் துப்பாக்கியைச் சுழற்றும். குழல் மேலே எகிறும், கன்னத்தில் கட்டை மோதும். ஏறத்தாழ நேராக இருக்கும் கட்டையில் உதை நேராக வந்து உடம்பு முழுவதிலும் பரவும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் உயரத்துக்கு ஏற்பக் கன்னம் வைக்கும் இடம் உயர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கழுத்தை நீட்டிக் கண்ணைத் தேட வேண்டியிருந்தால் தோளும் இறுகும், பின்வாங்கும் ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கவும் கூடும்.

அடிக்கட்டை உட்கார வேண்டிய இடம், காரை எலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உட்புறமாக, மார்புத்தசை தடித்திருக்கும் குழிவு. காரை எலும்பின் மேலோ, அது தோளின் மேல்முனையோடு சேரும் மூட்டின் மேலோ அது படக்கூடாது. அந்த மூட்டில் தேய்மானம் உள்ளவர்கள் அரை அங்குலம் மாறினால்கூட வலியின் வேறுபாட்டை உணர்வார்கள். முழங்கையைக் கிடைமட்டமாக உயர்த்திச் சுடும் பழைய பாணி குழிவை ஆழமாக்கும் என்பது உண்மை. ஆனால் கையை அவ்வளவு உயர்த்தும்போதுதான் தோளின் மேலெலும்புக்கும் தசைநாருக்கும் இடையே நெருக்கம் உண்டாகி வலி எடுக்கிறது. டிரிகரை இயக்கும் கையின் முழங்கையைப் பாதியளவுக்குத் தாழ்த்தி வைப்பது இவர்களுக்கு ஏற்றது. பயத்தில் துப்பாக்கியைத் தோளிலிருந்து சற்று விலக்கிப் பிடிப்பது மிகத் தவறான பழக்கம். இடைவெளி இருந்தால் அது முழு வேகத்தில் வந்து எலும்பில் இடிக்கும். இறுக்கி நசுக்காமல், ஆனால் இடைவெளியின்றி அணைத்துப் பிடித்தால் உடம்பின் எடையும் துப்பாக்கியோடு சேர்ந்து உதையை வாங்கிக்கொள்ளும்.

நிற்கும் நிலையும் இதில் அடங்கும். நின்று சுடும்போது இடுப்பிலிருந்து மேலுடம்பு சற்றுப் பின்னால் சாய்ந்து உதையை ஏற்றுக்கொள்கிறது. சுடுமேசையில் உட்கார்ந்து முன்னால் குனிந்திருப்பவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. தரையில் குப்புறப் படுத்துச் சுடுபவருக்கு முற்றிலும் அடைபட்டிருக்கிறது. ஆனால் நம்மில் பலர் வேட்டைக்கு முந்தைய வாரத்தில் ஸ்கோப்பைச் சரிசெய்வதற்காகச் சுடுமேசையில்தான் தோட்டாக்களைத் தீர்க்கிறார்கள். தோளைப் புண்ணாக்குவது வேட்டைநாளில் சுடும் ஒன்றிரண்டு குண்டுகள் அல்ல, அந்த மேசைதான். மேசையில் சுட்டே தீரவேண்டும் என்றால் தாங்கியை உயர்த்தி, முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். துப்பாக்கியை அசையாமல் பிடித்துவைக்கும் கனமான சட்டகங்களும் உண்டு. ஆனால் உதையை வாங்க அங்கே உடம்பு இல்லாததால் மரக்கட்டை வெடிப்பதும் ஸ்கோப் பழுதாவதும் நேர்வதுண்டு, எனவே அதில் அளவுக்கு மீறி எடையை ஏற்றக் கூடாது. இந்நாட்டு வேட்டைகளில் எங்கும் பயன்படும் மூன்று கால் தாங்குகோல், துப்பாக்கியின் எடையை முன்கையிலிருந்து எடுத்துவிட்டு, நின்ற நிலையையும் காப்பாற்றித் தருகிறது. இரு தோள்களும் வலிப்பவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. பயிற்சியில் பெரும்பகுதியை .22 ரைஃபிளில் செய்துகொள்ளலாம். அதன் உதை ஒரு ஜூலைக்கூட எட்டாது, மூச்சையும் டிரிகர் விரலையும் பழக்குவதற்கு அது போதும்.

வலத்தோள் கெட்டுவிட்டால் இடத்தோளுக்கு மாறலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மாறலாம், ஆனால் எந்தக் கண் ஆதிக்கக் கண், அதாவது குறிபார்ப்பதில் முந்தி நிற்கும் கண், என்பதைப் பார்க்க வேண்டும். தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டின் கைப்பிடி தவறான பக்கத்தில் இருக்கும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடக் காரை எலும்புக்குக் கீழேதான் வைக்கப்படுகிறது. அடிக்கட்டை உட்காரும் இடமும் ஏறத்தாழ அதுவே; உதையால் அதன் கம்பிகள் பழுதாகக்கூடும். அப்படிப்பட்டவர் இதய மருத்துவரிடம் கேட்காமல் தோளை மாற்றக் கூடாது. இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுத்துக்கொள்பவருக்குச் சிறிய உதையும் பெரிய இரத்தக்கட்டாக மாறக்கூடும். தசைநார் தைத்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். வலி நின்றுவிட்டது என்பது ஆறிவிட்டது என்பதற்குச் சான்றல்ல, அறுவை செய்த மருத்துவரின் அனுமதிதான் சான்று. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி, விரல்களில் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால் துப்பாக்கியில் எதையும் மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 3.5 கிலோ ரைஃபிளில் .300 மேக்னம் சுட்டுக்கொண்டிருந்த ஒருவர், 4.2 கிலோ எடையுள்ள 6.5 கிரீட்மோருக்கு மாறினால் 40 ஜூலுக்கு மேல் வாங்கிய தோள் 15 ஜூல் அளவுக்கு வந்துவிடும். சைலன்சர் அதையும் இன்னும் குறைக்கும். அதற்குப் பிறகு மாட்டும் நல்ல பட்டை, மிச்சமிருப்பதை மென்மையாக்கும். பட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு மேக்னத்தையே சுடுபவர் அந்த 40 ஜூலையும் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்.

ஸ்கோப்பைச் சரிசெய்யும் வேலையை நலமான தோளுள்ள தம்பியிடமோ மகனிடமோ ஒப்படைக்கலாம். உரிமம் பெற்றவரின் நேரடிக் கண்காணிப்பில், உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இன்னொருவர் அத்துப்பாக்கியைப் பயன்படுத்தச் சட்டம் இடம்தருகிறது. பிடிக்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் குண்டு படும் இடமும் சற்று மாறும். எனவே கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களைத் தாங்குகோலின் மேல் வைத்து, நின்ற நிலையில் தாமே சுட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.